தவளை என்றுதான் நினைத்தேன்

சட்டைப் பையில் இல்லை. பேன்ட்டின் வலது பையில் இல்லை, இடது பையில் கைக்குட்டையும் எப்போதோ வாங்கிய ஒரு இருமல் மிட்டாயும், பின்பையில் பர்ஸ், மறுபடியும் சட்டைப் பை, இந்த அரை நிமிஷத்துக்குள் அங்கே முளைத்திருக்கும் என்பது மாதிரி. முளைக்கவில்லை. வண்டி எனக்கு முன்னால் நிற்கிறது, ஹேண்டிலை ஒருபக்கமாகத் திருப்பிப் பூட்டிக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வானே அந்த மாதிரி. வாசலில் சென்னியப்பனும் அவர் மனைவி சரோஜாம்மாவும் கும்பிட்ட கையோடு நிற்கிறார்கள், கதவுக்குப் பின்னால் பாதி தெரிகிறாள் அவர்கள் பெண் வளர்மதி. போயிட்டு வர்றேனுங்க என்று நான் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. ஒரு தடவை சொன்னால் மரியாதை, இரண்டு தடவை சொன்னால் பாசம் என்று எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டு அங்கேயே நின்றால் அதற்கு என்ன பெயர்? நான் போகாமல் அவர்களால் கையை இறக்க முடியாது, சாவி இல்லாமல் என்னால் போக முடியாது. பெண் பார்க்க வந்த வீடு. தாராபுரத்துக்கு வெளியே, தோட்டத்துக்கு நடுவில். அம்மாவும் அக்காவும் மாமாவின் காரில் வந்து, கேசரி சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்து, பல்லடத்தில் இன்னொரு விசேஷம் இருக்கிறதென்று முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். நான் காங்கேயத்தில் தேங்காய்ப் பருப்பு காயவைக்கும் களத்தில் மேற்பார்வை பார்க்கிறவன், காலையில் களத்துக்குப் போய்விட்டு அங்கிருந்து நேராக வண்டியில் வந்தவன், அதனால் பின்தங்கினேன். பின்தங்கியவனைப் பார்த்து சரோஜாம்மாதான், பசங்க ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசிக்கட்டுமுங்க என்றார்கள். முப்பத்தொன்பது வயதில் என்னைப் பசங்க என்று சொன்ன சந்தோஷத்தில் நான் வளர்மதியின் பின்னால் கொல்லைப்பக்கம் கிணற்றடிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருந்திருந்தால் சாவி இப்போது கையில் இருந்திருக்கும்.

ஏனென்றால் கிணற்றில் விழுந்தது தவளை இல்லை. இப்போது, பையைத் தடவிக்கொண்டு நிற்கும்போது, அது தெளிவாகத் தெரிகிறது. வளர்மதி கிணற்றுச் சுவரில் கை வைத்துக்கொண்டு, தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இதுல விருப்பமில்லீங்க, நீங்களே வேண்டாம்னு சொன்னதா ஊட்ல சொல்லிருங்க என்றாள். சத்தம் போடாமல், ஆனால் முழுங்காமல், பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளுக்கு வரிசை சொல்லிக்கொடுக்கிற குரலில். நான் உடனே, அதுக்கென்னங்க, சொல்லிர்றேன் என்றேன், அவள் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டதுபோல. அந்த நேரம் என் வலது ஆள்காட்டி விரல் என்ன செய்துகொண்டிருந்தது? சாவி வளையத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அது ஒரு கெட்ட பழக்கம், பயம் வந்தால் சுற்றுவேன், சந்தோஷம் வந்தால் சுற்றுவேன், களத்தில் மழை மேகம் தெரிந்தால் சுற்றுவேன். டிங் என்று ஒரு சத்தம், அப்புறம் கீழே ப்ளக். இரண்டு பேரும் கிணற்றுப் பக்கம் திரும்பினோம். தவளைங்களா, என்று கேட்டேன். இருக்குமுங்க, என்றாள். எங்கள் ஐந்து நிமிஷப் பேச்சு அதோடு முடிந்தது. ப்ளக் வரைக்கும் சரி, டிங்? எந்த ஊர்த் தவளை சுவரில் டிங் என்று இடித்துக்கொண்டு விழும்?

“என்னங் தம்பி, சாவியக் காணமுங்களா?” என்று சென்னியப்பன் படியிறங்கி வருகிறார். கிணற்றில் என்று சொல்லிவிடலாம். சொன்னால், கிணத்துல எப்படீங்க என்பார். சுத்திட்டிருந்தேன், கை நழுவீருச்சுங்க என்பேன். எதுக்குக் கை நழுவுச்சு என்பார். அதற்குப் பதில் அவர் பெண்ணிடம் இருக்கிறது, அவள் என்னிடம் ஒப்படைத்த ரகசியத்தில் இருக்கிறது, நான் அதுக்கென்னங்க என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனவே, “எங்கியோ வெச்சுட்டேனுங்க” என்கிறேன். இதுதான் தப்பு. எங்கியோ என்று ஒரு வார்த்தை சொன்னதும் ஒரு வீடே தலைகீழாகிறது. சோபா மெத்தைகள் எழுந்து நிற்கின்றன, உள்ளேயிருந்து ஒரு சீப்பு, ஒரு கண்ணாடி வளையல் துண்டு, காய்ந்த கடலை. சென்னியப்பன், அறுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்து டீப்பாய்க்கு அடியில் டார்ச் அடிக்கிறார். சரோஜாம்மா பலகாரத் தட்டில் முறுக்கை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கிறார்கள், முறுக்கோடு முறுக்காகக் கிடந்துவிடுமென்று. இதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். வளர்மதியும் தேடுகிறாள். ஜன்னல் திண்டில், செய்தித்தாளுக்கு அடியில், பூச்சட்டிக்குப் பின்னால், முகத்தில் அவ்வளவு அக்கறையோடு. அவளும் டிங்கைக் கேட்டவள்தானே. செய்தித்தாளைத் தூக்கும்போது என் கண்ணும் அவள் கண்ணும் ஒருதரம் சந்திக்கின்றன, அவள் அவசரமாகக் குனிந்து ஏற்கெனவே பார்த்த இடத்தையே மறுபடி பார்க்கிறாள்.

“இன்னொரு சாவி ஊட்ல இருக்குமில்லீங்க?” என்கிறார் சென்னியப்பன், முழங்கையிலிருந்து தூசியைத் தட்டிக்கொண்டு. இல்லீங்க, என்கிறேன். இல்லீங்க என்ற ஒரு சொல்லில் ஒரு ஆளைப் பற்றி எவ்வளவு தெரிந்துவிடுகிறது. வண்டியை நான் வாங்கியது காங்கேயத்தில் எடைமேடை வைத்திருக்கும் ஒருவரிடம். அன்றைக்கே ஒரு சாவியைக் கொடுத்து, இன்னொண்ணு பீரோவுல இருக்குது, தேடிக் குடுக்கறேன் என்றார். அவர் தேடிக்கொண்டே இருக்கிறார், நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நடுவில் அவர் பீரோவையே விற்றுவிட்டார். ஒரு சாவியக் குடுத்து இன்னொண்ணு போட்டு வெச்சுக்கறதுக்கு என்னடா கேடு என்று அம்மா கேட்காத மாதம் கிடையாது. பாத்துக்கலாம் என்பேன். அக்கா கேட்டாள், பாத்துக்கலாம். டீக்கடைக்காரர்கூடக் கேட்டார். இருக்கும்வரை ஒன்று போதும், தொலைந்த பிறகு இன்னொன்றை எதை வைத்துப் போடுவது? இந்த ஞானம் எனக்கு வருகிற இடத்தைப் பாருங்கள், என்னை வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் வீட்டு வரவேற்பறை. அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நல்லவேளை தப்பிச்சோம் என்று நினைக்கமாட்டாளா? நினைக்கட்டும். வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போய்விட்டால்? போகலாம், ஆனால் நாளைக்கு வண்டி எடுக்க வரவேண்டும். இன்றைக்குச் சாயங்காலம் வேண்டாமென்று போனில் சொல்லிவிட்டு நாளைக் காலையில் அதே வாசலில் வந்து நிற்பதா? அல்லது வண்டி எடுத்த பிறகு சொல்வதா, அதுவரை இவர்கள் மண்டபம் பார்க்க ஆரம்பித்துவிட்டால்? வண்டியை இங்கேயே நிரந்தரமாக விட்டுவிட்டால்? கொஞ்ச நேரம் அதையும் நிஜமாகவே யோசிக்கிறேன். நல்ல வண்டி. மைலேஜும் நல்ல மைலேஜ்.

தாராபுரத்தில் சாவி போடுகிற ஆள் ஒருவன் இருக்கிறான் என்று சென்னியப்பன் போன் போட்டுப் பிடித்துவிட்டார், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவானாம். எனக்கு வேப்பமரத்தடியில், வண்டிக்குப் பக்கத்தில், நாற்காலி போட்டாயிற்று. மோர் வந்தது. பத்து நிமிஷம் தீர்ந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. இன்னொரு பத்து நிமிஷமும் தீர்ந்தது, சரோஜாம்மா ஒரு டேபிள் பேனை நீளமான ஒயரோடு இழுத்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக வைத்துவிட்டு, “காத்து வருதுங்களா கண்ணு?” என்று கேட்டார்கள். கண்ணு! மாப்பிள்ளைக்குச் செய்கிற உபசாரம் எல்லாம் ஏமாற்றுக்காரன் ஒருவனுக்கு நடந்துகொண்டிருக்கிறது. இன்று சாயங்காலம் இவர்களிடம் வேண்டாம் என்று சொல்லப்போகிற வாயில்தான் இந்த பஜ்ஜி போய்க்கொண்டிருக்கிறது. வேண்டாமென்று தட்டைத் தள்ளினால் சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று நினைப்பார்கள், அதனால் இன்னொன்று எடுத்துக்கொள்கிறேன், எடுத்துக்கொண்டால் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். சரி, ஏன் வேண்டாம் என்றாள்? மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன். பருப்பு வாசமா? களத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாது, ஆனால் எங்கள் சட்டையில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ச் சிக்கு வாசம் இருக்கும் என்று அக்கா சொல்வாள். சட்டைக் காலரைத் தூக்கி முகர்ந்து பார்க்கிறேன், மின்விசிறி அதை நேராக வீட்டுப் பக்கம் கொண்டுபோகிறது, அவசரமாகக் காலரை விடுகிறேன். தலைமுடியா? உச்சியில் ஒரு இடம் இருக்கிறது, குனிந்தால்தான் தெரியும், கேசரிக்குக் குனிந்தேன். இல்லை, மைலேஜ். உங்களுக்கு எதுல ஆர்வமுங்க என்று கிணற்றடிக்குப் போகிற வழியில் அவள் கேட்டபோது ஒரு மனிதன் என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். நான் வண்டி என்ன மைலேஜ் தருகிறது என்று சொன்னேன், நெடுஞ்சாலையில் எவ்வளவு, ஊருக்குள் எவ்வளவு என்று பிரித்து. அல்லது அந்தக் கோகோ. அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், பெண்பிள்ளைகளின் கோகோ அணியை மாவட்டம் வரைக்கும் கொண்டுபோனவள். நானும் சின்ன வயசுல ஆடியிருக்கேனுங்க என்றேன். எப்படி ஆடுவீங்க என்றாள். வரிசையில உக்காந்திருப்பேனுங்க, எனக்கு யாருமே கோ குடுத்ததில்ல, பெல் அடிச்சதும் எந்திரிச்சுப் போயிருவேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் உதட்டோரத்தில் என்னவோ அசைந்தது. அது சிரிப்பா, பரிதாபமா? மைலேஜுக்கு முன்னால் அசைந்ததா, பின்னால் அசைந்ததா? போன் அடிக்கிறது. அம்மா. பல்லடத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள். கட் செய்கிறேன். மறுபடி அடிக்கிறது. மறுபடி கட்.

சாவிக்காரன் வந்து சேர்ந்தபோது பேன் முன்னால் என் முகம் காய்ந்து வற்றலாகியிருந்தது. ஒரு பழைய மொபெட், பின்னால் தகரப்பெட்டி, காதில் போன், போனில் யாரோ ஒரு பெண் அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள், அவன் செரி செரி என்று சொல்லிக்கொண்டே என் வண்டியைச் சுற்றி வந்தான். “ஆர்சி புக்கு வேணுமுங்க. நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா எங்களைத்தான் கேப்பாங்க” என்றான். ஆர்சி புத்தகம் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது, அந்தப் பெட்டிக்கும் அதே சாவி. இதை நான் சொன்னதும் அவன் போனிலிருந்து காதை எடுத்து முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தான். அப்போது சென்னியப்பன், “அட, நம்ம பையன் வண்டிதானப்பா, நான் சொல்றேன், போடு” என்றார். நம்ம பையன். அந்த வார்த்தை வந்து நெஞ்சில் பஜ்ஜிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பார்த்து மூன்று மணி நேரம்கூட ஆகாத ஒருவனுக்கு ஒரு மனிதர் ஜாமீன் நிற்கிறார், அவனோ, அவர் வீட்டுப் பெண்ணை வேண்டாம் என்று சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். சாவிக்காரன் வெட்டுப் போடாத வெறும் சாவி ஒன்றைப் பூட்டுக்குள் விட்டு அப்படியும் இப்படியும் அசைத்து, வெளியே எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, எங்கே கீறல் விழுந்திருக்கிறதோ அங்கே அரத்தால் ராவி, மறுபடி உள்ளே விட்டு. க்றீச், க்றீச். அந்தச் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. “பொண்ணு பாக்க வந்த எடத்துல சாவி தொலைஞ்சா சம்மந்தம் கெட்டியாயிருமுன்னு சொல்லுவாங்க” என்றான். யார் சொல்லுவாங்க என்று கேட்டேன். நாங்கதான், என்றான்.

சென்னியப்பன் என் முழங்கையைத் தொட்டு, “இக்கட்டால வாங் தம்பி” என்று தென்னைவரிசைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணத் தேதி பேசப்போகிறார். வைகாசி என்பார். நான் என்ன சொல்ல? ஆனால் அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, “அவ வேண்டாம்னு சொல்லச் சொன்னாளுங்களா?” என்றார். இல்லீங்களே, என்றேன், ஆமாம் என்பதைவிட மோசமாக. அவர் சிரித்தார். “வர்றவங்ககிட்ட எல்லாம் அதேதானுங்க. வந்துட்டுப் போறாங்க, சாயங்காலமானா போன் பண்ணி வேண்டாங்கறாங்க. அத்தன பேரும் வேண்டாங்கற அளவுக்கு என்ற பொண்ணுகிட்ட என்னங்க கொறை? ரெண்டாவது ஆள் வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவளுக்கு அந்தப் புள்ளைங்களும் மைதானமும் போதுமுன்னு இருக்குது. இருந்துட்டுப் போகட்டுமுன்னு நானும் உட்டுட்டேன்.” அப்படியானால், என்று ஆரம்பித்தேன், என்ன கேட்பதென்று தெரியாமல், “அப்பறம் எதுக்குங்க பஜ்ஜி?” என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “சாவியத் தொலைச்சுட்டு ஒரு மனுசன் ஊட்டு வாசல்ல நிக்கறாரு. பஜ்ஜி போடாம என்ன பண்றதுங்க?” என்றார். அப்புறம் செருப்பு நுனியால் ஒரு மட்டைத் துண்டை நகர்த்திக்கொண்டே, “ஒரே ஒரு ஒத்தாசைங் தம்பி. அவ அம்மாளுக்கு இது தெரியாது, அவதான் எடம் பாத்துட்டே இருக்கறா. ஒவ்வொருத்தரும் சொல்ற காரணத்தை மனசுல போட்டுட்டு மருகறா. ஒருத்தரு நெறமுன்னாரு, சமையக்கட்டுல நின்னுட்டு அழுதா. ஒருத்தரு ஜாதகமுன்னாரு, ஜோசியக்காரன் ஊட்டுக்கு நடையா நடந்தா. நீங்க சொல்றத மட்டும் ஆருக்கும் வலிக்காத மாதிரி சொல்லிருங்க” என்றார்.

தென்னைக்கு அடியில் நான் நிற்கிறேன், அவர் போய்விட்டார். நிம்மதியாக இருக்கவேண்டும். வாசம் இல்லை, உச்சித்தலை இல்லை, மைலேஜ் இல்லை, நான் வருவதற்கு முன்னாலேயே, நான் யாரென்று தெரிவதற்கு முன்னாலேயே எழுதிவைத்த வேண்டாம். ஆனால் நிம்மதியாக இல்லை, என்னவோ இன்னும் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கிறது. அவள் என்னை நன்றாக ஒருதரம் பார்த்து, என் குறைகளை ஒவ்வொன்றாக எண்ணி, இந்தக் காரணத்தால் வேண்டாம் என்றிருந்தால் அது ஒரு மரியாதை. என் குறைகளுக்கு அந்த வீட்டில் வேலையே இருக்கவில்லை. அத்தனையையும் நான்தான் வீணாகத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறேன்.

டக் என்று ஹேண்டில் விடுபட்டது. வண்டி உறுமியது. சரோஜாம்மா கைதட்டினார்கள், நிஜமாகவே, இரண்டு கையையும் சேர்த்து. இன்னொண்ணும் போட்டுருங்க, என்று சாவிக்காரனிடம் நான் சொல்வதற்குள் அவன் அடுத்த சாவியை ராவ ஆரம்பித்திருந்தான், என்னைப் போன்றவர்களை அவனுக்குத் தெரியும். கூலியை நான் தருகிறேன் நான் தருகிறேன் என்று எனக்கும் சென்னியப்பனுக்கும் ஒரு சின்னத் தள்ளுமுள்ளு நடந்தது. அந்த நேரத்தில் வளர்மதி டேபிள் பேனை எடுக்க வந்தவளைப் போல வந்து, ஒயரைச் சுருட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, “கெணத்துலதானுங்க விழுந்துச்சு” என்றாள். தெரியுமுங்க, என்றேன். “அப்பவே சொல்லியிருப்பேன். எதுக்குக் கை நழுவுச்சுன்னு அப்பா கேப்பாரேன்னு…” என்றவள் முடிக்காமல் சிரித்துவிட்டாள். உதட்டோரம் இல்லை, முழுச் சிரிப்பு, தோள் குலுங்கி, கையிலிருந்த ஒயர் பாதி அவிழ்ந்து. நானும் சிரித்துவிட்டேன். அவள் அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது அவர் சொல்லவேண்டியது, இன்றைக்கு எத்தனை பேர் ரகசியத்தைத்தான் நான் சுமப்பது. ஒயரைத் திரும்பச் சுருட்டி முடித்து, போகும்போது, “இதுவரைக்கும் வந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தானுங்க ஏன்னு கேக்காம இருந்தீங்க” என்றாள். கேட்கவில்லையா? மத்தியானத்திலிருந்து நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்? வாயைத் திறந்து அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன், பெரிய மனது படைத்தவன் ஆட்டுவதுபோல. போயிட்டு வர்றேனுங்க என்றேன், இந்தத் தடவை போனேன்.

தார்ச்சாலை ஏறி, வாய்க்கால் பாலம் தாண்டும்போது போன் மறுபடி அடித்தது. வண்டியை ஓரம்கட்டினேன். அம்மா எடுத்த எடுப்பில், “ஏன்டா மூர்த்தி, உசுரோட இருக்கறயா இல்லையா? அவங்க என்ன நெனப்பாங்க, ஒரு பதில் சொல்லோணுமில்ல? செரீன்னு சொல்லிரட்டுமா?” என்றாள். வேண்டாம்னு சொல்லிரும்மா, என்றேன். ஏன், என்றாள். ஏன்? மத்தியானமெல்லாம் எனக்குள் சுற்றிய அதே ஏன், இப்போது திசைமாறி வந்து நிற்கிறது. நிறம் என்று சொல்லமுடியாது, வெயிலில் நின்று கறுத்த அந்த முகத்தை நினைத்தால் வாய் வரவில்லை. வயது என்றால் என் வயதை எங்கே வைப்பது? வீடு? அப்படி ஒரு வீட்டைப் பற்றி என்ன சொல்ல? அப்பா அம்மா? எதைக் குறையாகச் சொல்லலாமென்று கையை நீட்டினாலும் அது நல்லதாகவே கைக்கு வருகிறது. ஒரு கரும்பு லாரி பாலத்தின் மேல் முக்கி முனகிப் போகும் வரைக்கும் யோசித்தேன். “கொறை எல்லாம் எனக்குத்தான்னு சொல்லும்மா. பொண்ணு பாக்க வந்த எடத்துல வண்டிச் சாவியத் தொலைச்சுட்டான், இன்னொரு சாவிகூட இல்ல, இவனுக்கு இன்னும் பொறுப்பு வரலீங்க, உங்க பொண்ண இவன நம்பிக் குடுத்து நீங்க செரமப்படவேண்டாமுன்னு…”

“அது வாஸ்தவந்தான்” என்றாள் அம்மா, நான் முடிப்பதற்குள். “அவங்களே கண்ணுல பாத்திருப்பாங்க. மறுக்கமாட்டாங்க.”

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு பேச்சுக்காவது, அப்படியெல்லாம் இல்லடா என்று சொல்லியிருக்கலாம். பின்னால் பந்தியில் இலை எடுக்கும் சத்தம் கேட்டது, அக்கா என்னவோ கேட்டாள், அம்மா அவளை இருடி என்று அடக்கினாள். நடந்து வெளியே வந்திருப்பாள் போல, சத்தம் அடங்கியது.

“அது கெடக்கட்டும். உனக்குப் புடிச்சுதா இல்லையா?”

“புடிச்சுதும்மா.”

“ரொம்பவா?”

வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஆமா, என்றேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. போனையும் வைக்கவில்லை.

“செரி” என்றாள். “மெதுவாவே வா.”